மூன்று குன்றிமணிப் பொன்

தங்கம் லட்சத்தைத் தொட்ட காலத்தில் மாதச் சம்பளக்காரர் பொற்காசு சேர்க்க முடியுமா? முடியும். எடையையும் வரலாற்றையும் ஒரே டப்பாவில் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகும் பஸ் புத்தூரைத் தாண்டியதும் வடமாலபேட்டை வருகிறது. பெரும்பாலான பயணிகளுக்கு அது ஜன்னல் வழியே நழுவிப்போகும் ஓர் ஊர். மலை எப்போது கண்ணில் படும் என்ற தவிப்பில் பெயர்ப் பலகையைக்கூட யாரும் படிப்பதில்லை. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர், இப்போது திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்துக்குள் கலந்து புழங்கும் எல்லைப் பகுதி. இங்கே தங்கக் கணக்கும் இரண்டு மொழிகளில் நடக்கிறது. தமிழில் கேட்டால் 'இத்தனை சவரன்' என்பார்கள். தெலுங்கில் கேட்டால் 'இத்தனை காசு' என்பார்கள். இரண்டுமே 8 கிராம்தான்.

இரண்டுமே நாணயப் பெயர்கள் என்பதைத்தான் பலரும் யோசிப்பதில்லை. சவரன் என்பது பிரிட்டிஷாரின் 'சாவரின்' தங்க நாணயம். அதன் எடை 7.988 கிராம், தமிழ்க் கடைவீதி அதை 8 என்று முழுசாக்கிக்கொண்டது. காசு என்ற சொல்லுக்கு வயது அதைவிடப் பல நூற்றாண்டுகள் அதிகம். நாணயத்தைக் கண்ணால் பார்த்தே இராதவர்கள்கூட மகளின் கல்யாணத்துக்கு நாணயத்தின் பெயரால்தான் பேரம் பேசுகிறார்கள். பாட்டியின் காசுமாலையை எடுத்துக்கொண்டால், அது நகை வடிவில் இருக்கும் நாணயச் சேகரிப்பு. அந்த வகையில் பொற்காசு சேர்ப்பது இந்தப் பக்கத்து வீடுகளுக்குப் புதிய பழக்கமே அல்ல.

புராணமும் அதற்கு ஒத்துப்போகிறது. வடமாலபேட்டைக்கு அருகில்தான் நாராயணவனம். ஏழுமலையான் பத்மாவதித் தாயாரைக் கைப்பிடித்த தலம் என்று நம்பப்படும் ஊர். கல்யாணச் செலவுக்குக் குபேரனிடம் பொற்காசுகளைக் கடன் வாங்கினார் பெருமாள், இன்றுவரை உண்டியல் பணத்தில் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார் என்பது கதை. பொற்காசு, கல்யாணம், கடன், வட்டி. நடுத்தரக் குடும்பத்தின் தங்கக் கவலைகள் நான்கையும் ஒரே கதைக்குள் அடக்கிவிட்ட ஊர்ப்பக்கம் இது.

இந்த ஊரில் ஒரு பள்ளி ஆசிரியர் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டால் விஷயம் எளிதாகப் புரியும். நாற்பது வயது, ஒரு பெண், ஒரு பையன். வீட்டுக் கடன் தவணை போக மாதம் 5,000 ரூபாய் ஒதுக்க முடிகிறது. அவருக்குப் பொற்காசு சேர்க்க ஆசை. ஆனால் அந்த ஆசைக்குள் இரண்டு ஆசைகள் இருப்பதை அவர் கவனிப்பதில்லை. ஒன்று, பெண்ணின் கல்யாணத்துக்குத் தங்கம் சேர வேண்டும். மற்றொன்று, ராயர் காலத்து வராகன் ஒன்றையாவது உள்ளங்கையில் வைத்துப் பார்க்க வேண்டும். முதலாவது சேமிப்பு, இரண்டாவது பித்து. இரண்டும் நல்லவைதான். ஒரே டப்பாவில் போட்டால்தான் இரண்டும் கெடுகின்றன.

முதலில் சேமிப்பு டப்பா. 1990களின் நடுவில் 10 கிராம் தங்கம் ரூ. 5,000-ஐ ஒட்டி இருந்தது. 2025 ஏப்ரலில் அது ஒரு லட்ச ரூபாயைத் தொட்டுத் தாண்டியது. அன்று 10 கிராம் வாங்கிய அதே தொகைக்கு, அந்த லட்ச ரூபாய் விலையில், கிடைப்பது அரை கிராம். ஆசிரியரின் மாத ஒதுக்கீடு அதுதான். மாதம் அரை கிராம் என்றால் ஒரு சவரன் சேர 16 மாதம் ஆகும். பத்து வருஷத்தில் 60 கிராம், அதாவது ஏழரை சவரன். விலை ஏற ஏற இதுவும் குறையும். அலட்சியப்படுத்தும் அளவு அல்ல. பெருமை பேசும் அளவும் அல்ல.

இந்த டப்பாவுக்கு விதி ஒன்றுதான்: ஒவ்வொரு ரூபாயும் எடையாக மாற வேண்டும். நாணயத்தில் பொறித்திருக்கும் மகாலட்சுமி எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த அழகுக்குத் தனியாகக் காசு கொடுக்கக் கூடாது. இங்கேதான் சின்ன பட்ஜெட்காரர் முதல் அடி வாங்குகிறார். நாணயத்தை அச்சடிப்பதற்கும் பிளாஸ்டிக் அட்டையில் அடைப்பதற்கும் ஆகும் செலவு 1 கிராமுக்கும் 10 கிராமுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தச் செலவு 10 கிராம் நாணயத்தில் கரைந்துபோகிறது. 1 கிராம் நாணயத்தில் துருத்திக்கொண்டு நிற்கிறது. மாதாமாதம் அரை கிராம், ஒரு கிராம் என்று வாங்கிக் குவிப்பவர் ஒவ்வொரு முறையும் அந்தக் கூலியைக் கட்டுகிறார். தொகையைத் தபால் நிலையச் சேமிப்பிலோ வங்கியிலோ எட்டுப் பத்து மாதம் சேர்த்துவைத்து, ஒரேயடியாக 4 கிராமோ 5 கிராமோ வாங்குபவருக்குக் கையில் நிற்கும் தங்கம் அதிகம்.

தங்கத்துக்கு 3 சதவிகித ஜி.எஸ்.டி. உண்டு. வாங்கும்போது கட்டும் அந்த வரி விற்கும்போது திரும்பி வராது. வங்கிகள் நாணயம் விற்கும், ஆனால் திரும்ப வாங்கிக்கொள்ளாது. வங்கியில் வாங்கியதை நகைக் கடையில்தான் விற்றாக வேண்டும். அங்கே அட்டையைப் பிரித்து உரசிப் பார்த்து அன்றைய விலையில் கொஞ்சம் கழித்துத்தான் கொடுப்பார்கள். அதனால் வாங்கும் அன்றே 'இதைத் திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு?' என்று கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவுமில்லை. பதில் சொல்லத் தயங்கும் கடையில் வாங்காமல் இருப்பது நல்லது. நாணயத்தில் எடை, 999 அல்லது 916 என்ற தரம், அச்சிட்ட ஆலையின் முத்திரை மூன்றும் இருக்க வேண்டும். ரசீதும் நாணயமும் ஒரே உறையில் இருக்க வேண்டும்.

2015 நவம்பரில் மத்திய அரசு அசோகச் சக்கரம் பொறித்த இந்தியத் தங்க நாணயத்தை 5, 10 கிராம் எடைகளில் வெளியிட்டது. திருமலையில் தேவஸ்தானம் 2, 5, 10 கிராம் எடைகளில் விற்று வந்திருக்கும் ஏழுமலையான் டாலர் இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. அதை யாரும் முதலீட்டுக் கண்ணோடு வாங்குவதில்லை. வாங்கியதை விற்கவும் மனம் வராது. மனம் வராதது ஒரு வகையில் சேமிப்புக்கு நல்லது. ஆனால் விற்கவே முடியாத பொருளைக் கல்யாணக் கணக்கில் சேர்ப்பது கணக்கையே குழப்பும். டாலர் பூஜை அறையில் இருக்கட்டும்.

நகைக் கடைகளின் தவணைத் திட்டங்கள் 11 மாதத்தோடு முடிவதற்கும் காரணம் உண்டு. பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துவிடாவிட்டால், 2014-ன் கம்பெனி விதிகளின்படி அது டெபாசிட் ஆகிவிடும்; அதற்கான கெடுபிடிகள் வேறு. இத்தகைய பல திட்டங்களில் கடைசியில் நகைதான் எடுக்க முடியும், நாணயம் கிடையாது. 'கடைசித் தவணை எங்கள் செலவு' என்ற அறிவிப்பின் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டுச் சேர்வது உத்தமம். தவணை கட்டியவர்களைக் கைவிட்டு இரவோடு இரவாகக் கதவடைத்த கடைகளும் உண்டு.

அவசரத்துக்கு அடகு வைப்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. நகையின் பேரில் வங்கி தாராளமாகக் கடன் கொடுக்கும். நாணயத்தின் பேரில் என்றால் ஒருவருக்கு 50 கிராம் வரைதான் என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. ஆசிரியரின் பத்து வருஷச் சேமிப்பு இந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது. ஆஸ்பத்திரிச் செலவு நாள் பார்த்து வருவதில்லை. அதனால் இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

இரண்டு டப்பாக்களுக்கும் நடுவில் நிற்கும் நாணயம் ஒன்று உண்டு. பிரிட்டிஷ் சவரன். 22 காரட், சுத்தத் தங்கம் 7.32 கிராம். 1899 முதல் இந்தியாவில் அது 15 ரூபாய்க்குச் செல்லுபடியாகும் நாணயமாக இருந்தது. முதல் உலகப் போரின்போது லண்டனின் ராயல் மின்ட் பம்பாயில் ஒரு கிளையைத் திறந்து, 1918-ல் சுமார் 13 லட்சம் சவரன்களை அங்கேயே அச்சடித்தது. குதிரைமேல் செயின்ட் ஜார்ஜ், கீழே டிராகன், அதற்கும் கீழே தரைக் கோட்டில் சின்னதாக 'ஐ' என்ற ஆங்கில எழுத்து. அந்த எழுத்து இருந்தால் அது இந்தியாவில் பிறந்த சவரன். அதே வருஷம் அதே எடையில் 15 ரூபாய் மொகரும் சுமார் 21 லட்சம் அச்சானது.

லட்சக்கணக்கில் அச்சானதால் சவரன் அபூர்வமல்ல. தங்க விலைக்கு மேல் கொஞ்சம் கூடக் கொடுத்தால் கிடைக்கும். பழசும் புதுசும் கலந்த ஆசைக்கு அது நல்ல தொடக்கம். ஆனால் நம் பக்கத்துச் சவரன்களில் ஏராளமானவை காசுமாலையிலும் பதக்கத்திலும் வாழ்ந்தவை. விளிம்பில் வளையம் பற்றவைத்த தழும்பு இருக்கும். தழும்புள்ள சவரனுக்குத் தங்க எடைக்கு மேல் ஒரு பைசாவும் கொடுக்க வேண்டியதில்லை. போலியும் உண்டு. அசலின் குறுக்களவு 22.05 மில்லிமீட்டர். நூலில் கட்டித் தண்ணீரில் முக்கி எடை பார்த்தால் அசல் சவரன் சுமார் 0.45 கிராம் எடை குறையும். அதைவிட நன்றாகவே அதிகம் குறைந்தால் உள்ளே இருப்பது வேறு உலோகம். ஆர்க்கிமிடீஸ் கண்டுபிடித்த இந்தச் சோதனைக்கு ஒரு கிராமை நூறாகப் பிரித்துக் காட்டும் சின்னத் தராசு போதும்.

இனி இரண்டாவது டப்பா, பித்து டப்பா. வடமாலபேட்டைக்காரர் இதற்காக வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருப்பதிக்கு அந்தப் பக்கம் சந்திரகிரி. 1565-ல் தலைக்கோட்டைப் போரில் தோற்ற விஜயநகர அரசு தெற்கே நகர்ந்து நகர்ந்து கடைசியில் தங்கிய தலைநகரங்களில் ஒன்று. அங்கிருந்து ஆண்ட வேங்கடபதி ராயரின் வராகன்களில் தோரண வளைவின் கீழ் வேங்கடேசர் நிற்கிறார்; பின்பக்கம் 'ஸ்ரீ வேங்கடேச்வராய நம:' என்று நாகரியில் எழுதியிருக்கிறது. அவருக்கு முன்னால் கிருஷ்ணதேவராயரின் வராகனில் பாலகிருஷ்ணன் உட்கார்ந்திருக்கிறார். உதயகிரியை வென்ற ராயர் 1514-ல் திருமலைக்கு வந்து 30,000 பொற்காசுகளால் பெருமாளுக்குக் கனகாபிஷேகம் செய்ததைக் கல்வெட்டு சொல்கிறது.

ராயர்கள் போன பிறகும் அவர்களுடைய நாணயம் போகவில்லை. சென்னையில் கோட்டை கட்டிய ஆங்கிலக் கம்பெனி தன் தங்க நாணயத்தில் ராஜாவின் தலையைப் போடவில்லை; சாமியைப் போட்டது. ஒரு பக்கம் வேங்கடேசரும் இரு தேவியரும் நிற்கும் கம்பெனி வராகனுக்கு 'மூன்று சாமி' வராகன் என்றே பெயர். பின்னால் வந்த நட்சத்திர வராகனிலும் பெருமாள்தான். கடல் கடந்து வந்த வியாபாரி, இந்த மண்ணில் எது செல்லுபடியாகும் என்பதைச் சரியாகவே தெரிந்துவைத்திருந்தார். 1818-ல் சென்னை ராஜதானி ரூபாய்க் கணக்குக்கு மாறும்வரை வராகன்தான் கணக்கு. நட்சத்திர வராகன் ஒன்றுக்கு மூன்றரை ரூபாய்.

வராகன் ஒன்று சுமார் 3.4 கிராம். இந்த எடைக்கு ஒரு சாட்சி 2020 பிப்ரவரியில் மண்ணிலிருந்தே கிளம்பியது. திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் கோயிலில் பள்ளம் தோண்டியபோது ஒரு பாத்திரத்தில் 505 பொற்காசுகள் கிடைத்தன. மொத்த எடை 1.716 கிலோ. வகுத்துப் பார்த்தால் சராசரியாகக் காசுக்கு 3.4 கிராம். எந்த ஊரில், எந்த அரசில் என்பதைத் தாண்டி, தென்னாட்டுத் தங்க நாணயம் பிடிவாதமாகப் பற்றிக்கொண்டிருந்த எடை இது.

மாதம் அரை கிராம்காரருக்கு வராகன் எட்டாக் கனியல்ல. ஆனால் எட்டிப் பறிக்க வேண்டிய கனி. தங்க விலையோடு பழமை விலையும் சேரும்போது ஒரு வராகனுக்கு ஒரு வருஷச் சேமிப்பு போய்விடும். பெண்ணின் கல்யாணக் கணக்கில் கை வைக்காமல் அது நடக்காது. இந்த இடத்தில்தான் பல ஆசிரியர்கள் ஆசையைக் கைவிட்டு, கேட்லாக்கில் படம் பார்ப்பதோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள்.

அவர்கள் மறந்துபோன நாணயம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் பணம்.

இன்று பணம் என்றால் பொதுவாகச் செல்வம். அன்று பணம் என்பது ஒரு நாணயம். வராகனில் பத்தில் ஒரு பங்கு. ஐரோப்பியர் வாயில் அது 'ஃபனம்' ஆயிற்று. எடை 0.35 கிராமை ஒட்டி, அதாவது மூன்று குன்றிமணி. குறுக்களவு ஒரு பச்சைப்பயறைவிடக் கொஞ்சம் பெரிது. ஊதினால் பறந்துவிடும், விரிப்பில் விழுந்தால் தேட வேண்டும். கொத்தாக வரும் பணங்களை விரலால் எண்ணி மாளாது என்று வியாபாரிகள் குழிகள் வெட்டிய மரப்பலகை வைத்திருந்தார்கள். ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டுக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக உட்காரும். மிச்சத்தைத் தள்ளிவிட்டால் பலகையில் எத்தனை குழியோ அத்தனை பணம். இயந்திரம் இல்லாத காலத்தின் நோட்டு எண்ணும் இயந்திரம்.

வராகன் அரசனிடமும் கோயிலிடமும் பெரிய வியாபாரியிடமும் இருந்தது. சந்தைக்குப் போனவனும், வரி கட்டிய குடியானவனும், கூலி வாங்கியவனும் தொட்ட தங்கம் பணம்தான். தங்கத்திலேயே சில்லறை இருந்த நாடு இது. அந்தச் சில்லறைதான் மொழிக்குள் புகுந்து செல்வத்துக்கே பெயராகிவிட்டது. இத்தனை மதிப்புள்ள வரலாறு, இன்று சந்தையில் கிடைக்கும் தங்க நாணயங்களில் மிக மலிவானவற்றில் ஒன்றாக இருப்பது சின்ன பட்ஜெட்காரருக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.

காரணம் எண்ணிக்கை. கேரளத்து வீரராயன் பணம் தலைமுறை தலைமுறையாக அச்சானது. பலரும் அதைப் பார்த்து அச்சடித்தார்கள். புள்ளிகளும் கோடுகளுமாக இருக்கும் அதன் முகத்தில் என்ன உருவம் என்று அறிஞர்களே ஒத்துப்போவதில்லை. 17-ம் நூற்றாண்டில் மைசூரை ஆண்ட கண்டீரவ நரசராஜ உடையாரின் கண்டீரவிப் பணத்தில் நரசிம்மர். ஹைதரும் திப்புவும் பணம் அச்சடித்தார்கள். நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் டச்சுக்காரர்கள் அச்சடித்தார்கள். விஜயநகரப் பணங்களும் கிடைக்கின்றன. ஒவ்வோர் அரசுக்கும் ஒன்று என்று சேர்த்தால், ஒரு தீப்பெட்டிக்குள் தென்னிந்தியாவின் ஐந்து நூற்றாண்டு வரலாறு உட்கார்ந்துவிடும். மொத்த எடை ஒரு மோதிரம்கூட இருக்காது.

வீட்டில் இதற்குக் கிடைக்கும் வரவேற்பை யாரும் ஊகிக்கலாம்.

"ஏங்க, இதுல எத்தனை மில்லி இருக்கு?"

"முந்நூத்தம்பது மில்லி."

"அரிசி நொய் மாதிரி இருக்கு. இதுக்கா இவ்வளவு குடுத்தீங்க?"

கேள்வி நியாயமானது. எடைக் கணக்கில் பார்த்தால் பணம் நஷ்ட வியாபாரம். தங்க விலையைப்போல் சில மடங்கு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அதிலும் பல பணங்களில் தங்கம் பாதிதான்; செம்பும் வெள்ளியும் கலந்து தரத்தைக் குறைத்துக்கொண்டே போன அரசுகள் உண்டு. இதைக் கல்யாணக் கணக்கில் சேர்த்தால் மனைவியின் கேள்விக்குப் பதில் இல்லை. சேர்க்காவிட்டால் பதில் இருக்கிறது: இது சினிமாவுக்கும் ஓட்டலுக்கும் போகாமல் மிச்சம் பிடித்த காசு. முதல் டப்பாவிலிருந்து எடுத்தது அல்ல. இந்தப் பதிலைச் சொல்ல முடிகிற வரைதான் பித்து குடும்பத்தைக் கெடுக்காது. பதினொரு மாதம் முதல் டப்பாவுக்கு, பன்னிரண்டாம் மாதம் இரண்டாவதற்கு என்று வைத்துக்கொள்ளும் குடும்பத்தில் சண்டை வருவதில்லை.

எடைக்குக் காசு கொடுக்கலாம். வரலாற்றுக்கு முதலில் கொடுக்க வேண்டியது நேரம். பணம் வாங்குவதற்கு முன் ஆறு மாதம் பார்க்க மட்டும் வேண்டும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவுக்கு வடமாலபேட்டையிலிருந்து காலையில் கிளம்பினால் இரவுக்குள் திரும்பிவிடலாம். நாணயச் சங்கங்கள் நடத்தும் கண்காட்சிகளில் அசலைக் கையில் கொடுத்துக் காட்டும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அசலை ஐம்பது முறை பார்த்த கண்ணுக்குப் போலி தானாக உறுத்தும். வார்ப்பில் எடுத்த போலியின் முகம் தேய்ந்த சோப்புபோல வழுவழுப்பாக இருக்கும். அச்சு அடித்த அசலில் கோடு கூர்மையாக நிற்கும். தண்ணீர்ச் சோதனை இங்கே எடுபடாது. மூன்று குன்றிமணி தண்ணீரில் இழக்கும் எடையை வீட்டுத் தராசு காட்டாது. கண்ணும், வாங்கும் கடையின் நாணயமும்தான் காப்பு.

அறிவு உலோகத்தைவிடப் பெரிது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. 'தினமலர்' ஆசிரியராக இருந்து 2021-ல் காலமான இரா. கிருஷ்ணமூர்த்தி, தமிழ் பிராமியில் 'பெருவழுதி' என்று பெயர் பொறித்த பாண்டிய நாணயத்தை அடையாளம் கண்டார். சங்க இலக்கியத்தில் மட்டும் இருந்த பெயர் கையில் பிடிக்கும் சான்றாக மாறியது. அது தங்கம் அல்ல, செம்பு. எடைபோட்டு விற்றால் ஒரு டீ குடிக்கக்கூடக் காணாது.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நூறு வயதைத் தாண்டிய நாணயம் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை விற்பவரிடம் உரிமம் இருக்க வேண்டும். வாங்குபவர் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. அமெரிக்காவில் இருக்கும் மகனுக்குப் பரிசாக அனுப்பக்கூட முடியாது. மண்ணில் கிடைத்தது என்றால் கதையே வேறு. 1878-ல் வந்த புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. திருவானைக்காவல் காசுகளும் அதிகாரிகளிடம்தான் போய்ச் சேர்ந்தன. 'ஏர் உழும்போது கிடைத்தது, யாருக்கும் தெரியாது, பாதி விலைக்குத் தருகிறேன்' என்று காதோடு சொல்பவர் இரண்டில் ஒருவர்: ஒன்று சட்டத்தை மீறுபவர், இல்லாவிட்டால் ஏமாற்றுபவர். இரண்டாமவராக இருக்கும் வாய்ப்பே அதிகம்.

வாங்கிய பழைய நாணயத்தை நகையைப்போல் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தேய்க்கக் கூடாது. ஐந்நூறு வருஷம் படிந்த நிறமும் அதன் மதிப்பில் ஒரு பங்கு. விளிம்பைப் பிடித்துத் தூக்க வேண்டும். ஒவ்வொன்றையும் தனி உறையில் போட்டு, என்ன நாணயம், எப்போது, யாரிடம், என்ன விலைக்கு வாங்கியது என்று எழுதிவைக்க வேண்டும்.

அந்தக் கடைசி வேலையைத்தான் பெரும்பாலோர் ஒத்திப்போடுகிறார்கள். உண்மையில் எல்லாம் அதில்தான் இருக்கிறது. பழைய பொற்காசுக்குத் திருடனைவிடப் பெரிய எதிரி நெருப்பு. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க மதிப்பைக் கைவிட்டதும் இந்தியாவில் தங்கத்தின் விலை ஏறியது. விளைச்சலுக்கோ விலை இல்லை. வட்டிக்கும் நிலவரிக்கும் வழியில்லாத விவசாயக் குடும்பங்கள் பெட்டியைத் திறந்தன. தங்கம் பம்பாய்த் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போனது. 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றார்கள். பொற்கொல்லர் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. 1968-ல் சட்டமாகி 1990-ல்தான் அது நீங்கியது. இந்த அலைகளிலெல்லாம் எத்தனை வராகனும் பணமும் உருகிக் கட்டியாயின என்பதற்குக் கணக்கு கிடையாது. உருக்கியவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பசித்த வீட்டில் வேங்கடபதி ராயரும் 3.4 கிராம்தான்.

இன்றைக்கும் அதே ஆபத்து, அமைதியாக நடக்கிறது. சேர்த்தவர் போன பிறகு பிள்ளைகள் பெட்டியைத் திறக்கிறார்கள். தேய்ந்துபோன சின்னச் சின்னத் துண்டுகள். நகைக் கடைக்கு எடுத்துப்போனால் அவர் உரசிப் பார்த்து, பாதிதான் தங்கம் என்று சொல்லி, எடைபோட்டு, மற்றப் பழைய நகையோடு சேர்த்து விலை கொடுத்துவிடுகிறார். ஐந்நூறு வருஷம் பிழைத்த காசு ஐந்து நிமிஷத்தில் இல்லாமல் போகிறது. விற்ற பிள்ளைக்கும் நஷ்டம், நாட்டுக்கும் நஷ்டம்.

அதனால் குறைந்த பட்ஜெட்டில் பொற்காசு சேர்ப்பவர் வாங்க வேண்டிய பொருள்களில் நாற்பது பக்க நோட்டு ஒன்றும் சேர்த்தி. முதல் டப்பாவில் இருப்பவை எல்லாம் பெண்ணின் கல்யாணத்துக்கு. தேவைப்பட்டால் யோசிக்காமல் விற்கலாம், உருக்கலாம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். இரண்டாவது டப்பாவில் இருப்பவற்றை உருக்கக் கூடாது, எடைக்குக் கொடுக்கக் கூடாது, விற்றே ஆக வேண்டுமென்றால் நாணயம் தெரிந்தவரிடம் விற்க வேண்டும் என்று அடுத்த பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். மனைவிக்கும் பெண்ணுக்கும் பையனுக்கும் ஒருமுறை உட்கார்ந்து படித்துக் காட்டவும் வேண்டும். அப்போது பெண் அந்த நொய்யை உள்ளங்கையில் வைத்து, 'பணம்னா இதுதானாப்பா?' என்று கேட்பாளானால், அந்த மூன்று குன்றிமணிக்குக் கொடுத்த விலை அதிகமில்லை.